மை ப்ளடி வாலண்டைன் (1981): அடிக்கடி கேக்குற கேள்விகள்

இது எந்தப் படம்?

1981 பிப்ரவரி 11ஆம் தேதி, அதாவது காதலர் தினத்துக்கு மூணு நாள் முன்னாடி பாராமவுண்ட் ரிலீஸ் பண்ண கனடா நாட்டு ஸ்லாஷர் படம், அதாவது ஒரு கொலைகாரன் ஒவ்வொருத்தரா தீத்துக்கட்டுற திகில் படம். டைரக்டர் ஜார்ஜ் மிஹால்கா, கதை ஸ்டீஃபன் மில்லர், திரைக்கதை ஜான் பேர்ட். சினிபிக்ஸ் கம்பெனிய நடத்துன ஜான் டன்னிங், ஆந்த்ரே லிங்க் ரெண்டு பேரும் தயாரிச்சாங்க. ஒன்றரை மணி நேரந்தான் ஓடும். 2009ல இதே பேர்ல 3டில ஒரு ரீமேக் வந்துச்சு, நிறைய பேர் அதத்தான் பாத்திருப்பாங்க. அதப் பத்தி கீழ தனியா சொல்றேன், மத்ததெல்லாம் ஒரிஜினல் பத்தி.

கதை என்ன? ஸ்பாய்லர் வேணாம்.

வாலண்டைன் ப்ளஃப்ஸ்னு ஒரு சின்ன ஊர், கற்பனை ஊர்தான். ஊருக்கே சோறு போடுறது ஒரு நிலக்கரிச் சுரங்கம். 20 வருஷம் முன்னாடி ஒரு காதலர் தினத்தன்னிக்கு ஊர்ல டான்ஸ் பார்ட்டி, சுரங்கத்துக்குள்ள அஞ்சு பேர் இன்னும் வேலைல இருக்காங்க, அவங்களுக்குப் பொறுப்பான ரெண்டு சூப்பர்வைசருங்க பார்ட்டிக்கு லேட்டாகுதுன்னு மீத்தேன் அளவு எவ்ளோ இருக்குன்னு செக் பண்ணாமலே கிளம்பிப் போயிடுறாங்க. கேஸ் வெடிச்சு அஞ்சு பேரும் உள்ள மாட்டிக்கிறாங்க. வாரக்கணக்குல தோண்டி எடுக்கும்போது ஹாரி வார்டன்ங்கற ஒருத்தன் மட்டும் உயிரோட இருக்கான், அதுவும் கூட வேலை பாத்தவங்க உடம்பத் தின்னுதான் உயிரோட இருந்திருக்கான், புத்தி சுத்தமா பேதலிச்சுப் போச்சு. மனநல ஆஸ்பத்திரில அடைக்கிறாங்க. மறு வருஷம் தப்பிச்சு வந்து அந்த ரெண்டு சூப்பர்வைசரையும் கொன்னு, இதயத்த வெட்டி எடுத்து சாக்லேட் டப்பால வச்சு, இனிமே இந்த ஊர்ல காதலர் தின டான்ஸே நடக்கக் கூடாதுன்னு எச்சரிக்கை வச்சுட்டுப் போறான்.

அதுலருந்து ஊர்ல யாரும் டான்ஸ் வைக்கல. இப்போ 20 வருஷம் ஓடிப்போச்சு, இளவட்டங்களுக்கு அது பழைய கதை, பழையபடி டான்ஸ் வைக்கலாம்னு பேப்பர் பூவெல்லாம் ஒட்டி ரெடி பண்றாங்க. அப்போ மேயர் கைக்கு ஒரு சாக்லேட் டப்பா வருது, தொறந்து பாத்தா உள்ள மனுஷ இதயம். மேயரும் போலீஸ் சீஃபும் பார்ட்டிய கேன்சல் பண்றாங்க, ஆனா ஏன்னு ஊருக்குச் சொல்லல. காரணம் தெரியாத பசங்க சுரங்கத்துலயே போய் பார்ட்டி வைக்கிறாங்க. மீதிய நீங்களே பாத்துக்கோங்க.

இது உண்மைக் கதையா?

இல்ல. ஹாரி வார்டன்னு யாரும் இல்ல, இப்படி ஒரு கொலை வரிசையும் நடக்கல. ஆனா படம் எடுத்த இடம் கனடால நோவா ஸ்கோஷியா மாகாணம், அங்க சுரங்க விபத்துங்கறது வீட்டுக்கு வீடு தெரிஞ்ச துக்கம். ஸ்பிரிங்ஹில்ங்கற ஊர எடுத்துக்கோங்க, 1891ல நடந்த வெடிப்புல 125 பேர் செத்தாங்க, 1956ல இன்னொரு வெடிப்பு அதுல 39 பேர், 1958ல பூமிக்குள்ள பாறை அழுத்தம் தாங்காம சுரங்கமே நொறுங்கி 70 பேருக்கு மேல போயிட்டாங்க. அந்த 1958 விபத்துல சில பேர எட்டு நாள் கழிச்சு கூட உயிரோட வெளிய எடுத்தாங்க. சாப்பாடு தண்ணி இல்லாம இருட்டுல நாள் கணக்கா கெடந்த மனுஷங்க அவங்க. இத தெரிஞ்சுக்கிட்டு ஹாரி வார்டன் கதையக் கேட்டா, வெறும் பேய்க்கதை மாதிரி கேக்காது.

இன்னும் கிட்டத்துல ஒண்ணு இருக்கு. படம் எடுத்த ஊருக்குப் பக்கத்துல இருக்குற க்ளேஸ் பே, அங்க 26ஆம் நம்பர் சுரங்கத்துல 1979 பிப்ரவரி 24ஆம் தேதி வெடிப்பு நடந்து 12 பேர் இறந்தாங்க. படப்பிடிப்பு நடந்தது 1980ல. ஒன்றரை வருஷத்து இடைவெளிதான், படத்துல கதை நடக்குற மாசமும் பிப்ரவரிதான். படம் இதப் பாத்து எடுத்ததுன்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த ஊர்க்காரங்க கேமரா முன்னாடி கூட்டமா நிக்கும்போது அவங்க நெஞ்சுல அந்தச் சாவு இருந்திருக்கும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

மீத்தேன் செக் பண்ணலன்னா அவ்ளோ பெரிய விஷயமா?

ஆமா, உயிர் விஷயம். நிலக்கரிய வெட்ட வெட்ட அதுக்குள்ள அடைஞ்சு கெடக்குற மீத்தேன் வெளிய வந்துட்டே இருக்கும். மணம் கிடையாது, நிறம் கிடையாது, காத்த விட லேசுங்கறதால சுரங்கக் கூரைல போய்த் தங்கும். காத்துல 5லருந்து 15 சதவீதம் வரைக்கும் கலந்திருந்தா ஒரு சின்ன பொறி போதும், வெடிச்சுரும். அந்த வெடிப்பு தரைல படிஞ்ச கரித்தூளையும் கிளப்பி விடும், அதுவும் பத்திக்கும், அப்புறம் அந்த சுரங்கப்பாதை முழுக்க நெருப்பு ஓடும். நெருப்புல தப்பிச்சவன் கூட அதுக்கப்புறம் நெறையுற கார்பன் மோனாக்சைடுல மூச்சு முட்டிச் சாவான். அதனால அளவு பாக்குறது சம்பிரதாயத்துக்குச் செய்யுற வேலை கிடையாது. கீழ இருக்குறவன் உயிர் மேல இருக்குறவன் கைல இருக்கு.

படம் வந்து 11 வருஷம் கழிச்சு, 1992 மே 9ஆம் தேதி, அதே நோவா ஸ்கோஷியால வெஸ்ட்ரே சுரங்கத்துல மீத்தேன் வெடிச்சு 26 பேர் செத்தாங்க. அதுல 11 பேர் உடம்ப வெளிய எடுக்கவே முடியல. நிர்வாகம் பாதுகாப்ப அலட்சியம் பண்ணத 1997ல வந்த விசாரணை அறிக்கை வெளிப்படையாவே சொன்னுச்சு. ஒரு ஸ்லாஷர் படத்தோட முதல் காரணமா வச்ச விஷயம் நிஜத்துலயும் அதே மாகாணத்துல ஆள் கொன்னுச்சுன்னா, அந்தக் கதை எழுதுனவங்க எங்க கை வச்சிருக்காங்கன்னு புரியும்.

சுரங்கம் செட்டா நிஜமா?

நிஜம். நோவா ஸ்கோஷியால கேப் ப்ரெட்டன் தீவு, அதுல சிட்னி மைன்ஸ்னு ஊர், அங்க இருந்த பிரின்சஸ் சுரங்கம். நூறு வருஷம் ஓடி 1975ல மூடுன சுரங்கம் அது, அதோட பாதைங்க கடலுக்கு அடிலயும் போகும். படக்குழு நிஜமாவே பூமிக்குள்ள எறங்கி ஷூட் பண்ணாங்க. மீத்தேன் பயம் அவங்களுக்கும் இருந்துச்சு, அதனால சாதாரண சினிமா லைட்ட உள்ள கொண்டு போக முடியல, ஒளிப்பதிவாளர் ராட்னி கிப்பன்ஸ் குறைஞ்ச வாட் பல்புகள வச்சுத்தான் சமாளிச்சாரு. படத்துல அந்த இருட்டு அவ்ளோ கெட்டியா இருக்குறதுக்குக் காரணம் இதுதான், ஒரு மூஞ்சிக்கு வெளிச்சம் இருக்கும், ரெண்டடி தள்ளி ஒண்ணுமே தெரியாது.

ஒரு விஷயம் மிஹால்கா பேட்டிகள்ல சொல்லிருக்காரு. லொக்கேஷன் பாக்கப் போனப்போ சுரங்கம் கரி படிஞ்சு பழசா பயங்கரமா இருந்திருக்கு, இவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. திரும்ப ஷூட்டிங்குக்கு வந்து பாத்தா ஊர்க்காரங்க சினிமாக்காரங்க வராங்கன்னு சந்தோஷத்துல எல்லாத்தையும் கழுவிப் பெயிண்ட் அடிச்சு பளிச்சுன்னு வச்சிருக்காங்க. மறுபடி அழுக்காக்குறதுக்குத் தனியா பணம் செலவு பண்ண வேண்டியதாப் போச்சு. எனக்கு அந்த ஊர் மேல மரியாதை வந்தது இதக் கேட்டுத்தான். தங்க அப்பா தாத்தா வேலை பாத்த எடம் ஸ்க்ரீன்ல வரப்போகுது, அது அழகா தெரியணும்னு நெனச்சிருக்காங்க.

கொலைகாரன் மாஸ்க்ல அப்படி என்ன இருக்கு?

இந்தப் படத்துல எனக்கு ரொம்ப முக்கியமான விஷயமே இதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

மத்த ஸ்லாஷர்கள்ல மாஸ்க்குங்கறது கொலைகாரன் தனக்குன்னு தேர்ந்தெடுத்த ஒரு மூஞ்சி, அத எங்க பாத்தாலும் ஆள் யாருன்னு தெரிஞ்சுரும். இங்க அப்படி இல்ல. கருப்பு ஓவரால், தலைல லைட்டு வச்ச ஹெல்மெட், மூஞ்சி முழுக்க மூடுற கேஸ் மாஸ்க், அதுலருந்து கீழ தொங்குற மூச்சுக் குழாய், கைல பிக்காசு. அவ்ளோதான். இது வேலை உடுப்பு. அந்த ஊர்ல இருக்குற ஆம்பளைங்க பாதி பேர் காலைல இதப் போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போறாங்க. அதனால கொலைகாரன் ஒளியவே வேண்டியதில்ல, நடு ரோட்ல நடந்து போனாலும் ஷிப்டு முடிஞ்சு வர எவனோ ஒருத்தன்னு விட்டுருவாங்க. பாக்குற நமக்கும் இதே கஷ்டந்தான், ஒரு ஹெல்மெட் லைட்டு தூரத்துல தெரிஞ்சா அது நம்ம ஹீரோவா அவனான்னு சொல்ல முடியாது.

படத்தோட முதல் காட்சியே இத வச்சுத்தான். சுரங்கத்துக்குள்ள ரெண்டு பேர் முழு உடுப்புல நடந்து வராங்க, அதுல ஒருத்தர் ஹெல்மெட்டும் மாஸ்க்கும் கழட்டுனா அது ஒரு பொண்ணு. இன்னொருத்தன் கழட்ட மாட்டேங்குறான். அவ அத ஒரு விளையாட்டா எடுத்துக்கிட்டு அந்த மூச்சுக் குழாயத் தடவிக் கொடுக்குறா. அவ நெஞ்சுல இதய வடிவுல ஒரு பச்சை குத்திருக்கு, அதப் பாத்ததும் அவன் மூச்சு மாறுது. அவனுக்கு வசனமே கிடையாது, மாஸ்க்குக்குள்ள இருந்து வர அந்த மூச்சுச் சத்தம் மட்டுந்தான், அத வச்சே அவனுக்கு எப்போ வெறி ஏறுதுன்னு நமக்குத் தெரிஞ்சுரும். மாஸ்க்குக்குள்ள பெரும்பாலும் இருந்தவர் பீட்டர் கவ்பர்ங்கற நடிகர், மூஞ்சியே காட்டாம உடம்ப வச்சே நடிச்சிருக்காரு, அவர யாரும் பெருசா பேசுறதில்லங்கறது எனக்கு வருத்தந்தான்.

எந்த சீன் பெஸ்ட்?

சில்வியாவோட சீன். ஹெலீன் யூடி நடிச்சிருக்காங்க. சுரங்கத்துக்காரங்க குளிச்சு உடுப்பு மாத்துற பெரிய ரூம் அது. அங்க ஒரு வழக்கம் உண்டு, வேலை முடிஞ்சதும் கரி படிஞ்ச ஈர உடுப்ப கொக்கில மாட்டி சங்கிலியால கூரைக்கு ஏத்தி விட்டுருவாங்க, சூடான காத்து மேல நிக்கும் இல்லியா, அடுத்த ஷிப்டுக்குள்ள காஞ்சிரும். அதனால அந்த ரூம்ல அண்ணாந்து பாத்தா ஆள் இல்லாத உடுப்பா வரிசையா தொங்கும். நிஜ சுரங்கங்கள்ல இருக்குற ஏற்பாடுதான், படத்துக்காக எதுவும் புதுசா பண்ணல.

சில்வியா தனியா உக்காந்திருக்கா, கூட வந்தவன் பீர் எடுக்கப் போயிருக்கான். மேலருந்து ஒரு உடுப்பு தொப்புன்னு கீழ எறங்கி அவ பக்கத்துல நிக்குது. ஹெல்மெட்டோட, பூட்ஸோட. அவ திரும்புறா, இன்னொண்ணு எறங்குது. அப்புறம் இன்னொண்ணு. நாலாப் பக்கமும் ஆள் நிக்குற மாதிரி உடுப்புங்க, அவ நடுவுல ஓடுறா, இதுல ஏதோ ஒண்ணுக்குள்ள மட்டும் ஆள் இருக்குன்னு அவளுக்கும் தெரியும் நமக்கும் தெரியும். ரத்தம் ஒரு சொட்டு கூட வரதுக்கு முன்னாடியே இந்த சீன் வேலைய முடிச்சிருது. அதுக்கப்புறம் ஷவர் குழாய்ல நடக்குறத நான் எழுத மாட்டேன், பாத்தா தெரிஞ்சுக்குவீங்க.

ரெண்டாவதா நான் சொல்றது க்ளைமாக்ஸ் பக்கம் வர நடை. சுரங்கப்பாதைல அவன் ஓடல, நடந்துதான் வரான், வர வழில மேல இருக்குற பல்பு ஒவ்வொண்ணையும் பிக்காசால அடிச்சு ஒடச்சுக்கிட்டே வரான். அவனோட சேந்து இருட்டும் நடந்து வருது.

ரத்தம் ஜாஸ்தியா?

நீங்க எந்த வெர்ஷன் பாக்குறீங்கங்கறதப் பொறுத்தது. 1981ல தியேட்டர்ல வந்தது நல்லா வெட்டித் தள்ளுனது. அந்த நேரத்துல ஸ்லாஷர்கள் மேல அமெரிக்காவுல பெரிய எதிர்ப்பு கிளம்பியிருந்துச்சு, எம்பிஏஏங்கற ரேட்டிங் போர்டு கத்திரியோட உக்காந்திருந்தாங்க, ஆர் ரேட்டிங் (17 வயசுக்குக் கீழ இருக்குறவங்க பெரியவங்களோட வந்தா பாக்கலாம்ங்கற சான்று) வேணும்னா வெட்டு, வெட்டுன்னு திருப்பித் திருப்பி அனுப்புனாங்க. அதனால அந்த வெர்ஷன்ல பிக்காசு ஓங்குனா உடனே அடுத்த சீன் வந்துரும், என்ன நடந்துச்சுன்னே புரியாது. டாம் பர்மன் டீம் பண்ண மேக்கப் வேலை அத்தனையும் 28 வருஷம் யார் கண்ணுலயும் படாம கெடந்துச்சு.

2009ல ரீமேக் வந்தப்போ லயன்ஸ்கேட்ங்கற கம்பெனி ஒரு டிவிடி விட்டாங்க, அதுல சுமார் மூணு நிமிஷத்த திரும்பச் சேத்தாங்க. மூணு நிமிஷந்தானேன்னு நெனைக்காதீங்க, ஸ்லாஷர்ல மூணு நிமிஷம் பெரிய கணக்கு. லாண்டரி கடை வச்சிருக்குற மேபல் அம்மாவ ட்ரையர்ல கண்டுபுடிக்கிற எடம், பார்க்காரர் ஹேப்பியோட முடிவு, இதெல்லாம் அப்போதான் முழுசா வந்துச்சு. மேபல் அம்மா சீன் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கும், ஏன்னா அந்த அம்மாதான் டான்ஸ் நடக்கணும்னு ஆசை ஆசையா அலங்காரம் பண்ணிட்டு இருந்தவங்க.

அப்போ எந்த வெர்ஷன் பாக்கணும்?

முழு வெர்ஷன், யோசிக்கவே வேணாம். 90 நிமிஷம்னு போட்டிருந்தா வெட்டுனது, 93 நிமிஷம்னு போட்டிருந்தா முழுசு. 2009 டிவிடில சேத்த பகுதிங்க மட்டும் கோடு விழுந்து நிறம் மாறித் தெரியும், 2020ல ஸ்க்ரீம் ஃபேக்டரிங்கற கம்பெனி புதுசா 4கே ஸ்கேன் பண்ணி விட்ட ப்ளூரேல அது எவ்வளவோ தேவல. ரூம் லைட்ட அணைச்சிட்டுப் பாருங்க, மேல சொன்ன குறைஞ்ச வாட் பல்பு வெளிச்சத்த பகல்ல போன்ல பாத்தா வெறும் கருப்புதான் தெரியும்.

இதுல ஒரு முக்கோணக் காதல் வருதே, போரடிக்குமா?

நிறைய பேர் இதக் குறையாச் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல. டி.ஜே.ங்கற பையன் மேயரோட மகன், சுரங்கமும் அந்தக் குடும்பத்தோடதுதான். ஊரே வேணாம்னு மேற்குப் பக்கம் போயி, அங்க ஒண்ணும் தேறாம திரும்பி வந்து அப்பா சுரங்கத்துலயே கூலிக்கு எறங்குறான். அவன் விட்டுட்டுப் போன சாரா இப்போ ஆக்ஸெல் கூட இருக்கா. மூணு பேருக்கும் நடுவுல இருக்குற மௌனம் நல்லா எழுதிருக்காங்க. டி.ஜே.வா பால் கெல்மன், சாராவா லோரி ஹாலியர், ஆக்ஸெலா நீல் ஆஃப்லெக். நீல் ஆஃப்லெக் பின்னாடி அனிமேஷன் பக்கம் போயி தி சிம்ப்ஸன்ஸ் எபிசோடெல்லாம் டைரக்ட் பண்ணாரு.

இன்னொண்ணு, இவங்க யாரும் ஸ்கூல் பசங்க கிடையாது. சம்பளம் வாங்குறவங்க, ஷிப்டு முடிஞ்சு மூஸ்ஹெட் பீரக் குடிச்சுட்டு, இந்த ஊர விட்டா வேற என்ன இருக்குன்னு யோசிக்கிறவங்க. மூஸ்ஹெட் அந்தப் பக்கத்து கனடா பீர். அப்போ கனடால எடுத்த படங்க பாதி அமெரிக்கா மாதிரி வேஷம் போடும், இது அந்த வேஷம் போடல. தொங்கு மீசையோட வர ஹாலிஸ், கீத் நைட் நடிச்சது, அவர மாதிரி ஒரு நல்ல மனுஷன ஸ்லாஷர்ல பாக்குறது அபூர்வம், அவருக்கு ஏதும் ஆகக் கூடாதுன்னு நான் ஒவ்வொரு தடவையும் நெனைப்பேன்.

அந்தக் காலத்துல கனடாவுலருந்து ஏன் இவ்ளோ ஸ்லாஷர் வந்துச்சு?

வரிதான் காரணம். 1970கள் நடுவுல கனடா அரசாங்கம் உள்ளூர் சினிமால போட்ட பணத்த 100 சதவீதம் வருமான வரிலருந்து கழிச்சுக்கலாம்னு சட்டம் கொண்டு வந்துச்சு. டாக்டரு, வக்கீலுன்னு சினிமாவுக்கு சம்பந்தமே இல்லாதவங்க பணம் போட்டாங்க. குறைஞ்ச செலவுல சட்டுன்னு முடியுற, அமெரிக்காவுல விக்குற படம் எதுன்னு பாத்தா ஹாரர். அதோட 1980ல ஃப்ரைடே தி 13த் சின்ன பட்ஜெட்ல வந்து பாராமவுண்டுக்குக் கொட்டிக் குடுத்துருச்சு, எல்லாரும் காலண்டர எடுத்து வச்சுக்கிட்டு எந்த பண்டிகை மிச்சம் இருக்குன்னு பாக்க ஆரம்பிச்சாங்க. காதலர் தினம்ங்கற ஐடியாவ வேற யாரும் தூக்கிரக் கூடாதுன்னு ஷூட்டிங் அப்போ படத்துக்கு தி சீக்ரெட்னு வேற பேர் வச்சிருந்தாங்க. 1980 கடைசில ஷூட்டிங், 1981 பிப்ரவரில தியேட்டர், அவ்ளோ வேகம்.

கொலைகாரன் யாரு? (ஸ்பாய்லர், படம் பாக்காதவங்க இதையும் அடுத்ததையும் தாண்டிப் போயிடுங்க)

ஆக்ஸெல். ஹாரி வார்டன் வருஷக்கணக்குக்கு முன்னாடியே செத்துட்டான், போலீஸ் சீஃப் ஆஸ்பத்திரிக்குக் கேட்டுக் கேட்டு கடைசிலதான் அந்தத் தகவல் கெடைக்குது. மீத்தேன் பாக்காமப் போன ரெண்டு சூப்பர்வைசர்ல ஒருத்தர் ஆக்ஸெலோட அப்பா. ஹாரி வந்து அவரக் கொல்லும்போது சின்னப் பையனா இருந்த ஆக்ஸெல் கட்டிலுக்கு அடில ஒளிஞ்சு எல்லாத்தையும் பாத்திருக்கான். கடைசில சுரங்கம் சரிஞ்சு மாட்டிக்கிட்டப்போ தன் கையத் தானே அறுத்துட்டு, சாராவக் கூப்புட்டுக் கத்திக்கிட்டே இன்னும் ஆழத்துக்குள்ள போயிடுறான்.

அப்பாவக் கொன்னவன் வேஷத்தையே மகன் போடுறானா? இதுல பழி எங்க இருக்கு?

நிறைய பேருக்கு இங்கதான் இடிக்கும், லாஜிக் இல்லன்னு விட்டுருவாங்க. ஆனா படத்தோட உயிரே இதுதான்னு நான் நெனைக்கிறேன்.

ஹாரியோட பழிக்கு ஒரு விலாசம் இருந்துச்சு. யார் அலட்சியத்தால நாலு பேர் செத்தாங்களோ அவங்களத் தேடி வந்தான், கொன்னான், ஒரு நிபந்தனை போட்டான். அந்த வெறியக் கூட கொஞ்சம் புரிஞ்சுக்க முடியும். ஊர் என்ன பண்ணுச்சு? டான்ஸ நிறுத்துச்சு, வாய மூடிக்கிச்சு. தப்பு பண்ண கம்பெனி அதே குடும்பத்துக் கைல அப்படியே ஓடுது, ஆக்ஸெலும் வளந்து அதே சுரங்கத்துலதான் வேலைக்குப் போறான், அவங்கப்பா எதனால செத்தாருங்கறத ஊரே ஹாரி ஒரு ராட்சசன்ங்கற ஒத்தக் கதைல அடக்கிருச்சு. ஒரு குழந்தை கட்டிலுக்கு அடிலருந்து பாத்தத யாரும் அவங்கிட்ட பேசுன மாதிரியே தெரியல. ஒரு நாள் ஊர் சிரிச்சுக்கிட்டே அந்த டான்ஸ திரும்ப வைக்கும்போது, அந்தப் பையனுக்குத் தெரிஞ்ச ஒரே கோபத்தோட உருவம் அந்த மாஸ்க்தான். அவன் பழி வாங்குறது யார் மேலன்னு அவனாலயே சொல்ல முடியாது, மேபல் அம்மா என்ன தப்பு பண்ணாங்க, ஹேப்பி என்ன பண்ணாரு? அதனாலதான் அது இன்னும் பயமா இருக்கு.

மேயரும் சீஃபும் பண்றதையும் கவனிங்க. ஒரு கைல இதயம் வச்ச டப்பா, இன்னொரு கைல முழு ஊர். இருந்தும் பீதி கிளம்பும்னு உண்மைய மறைக்கிறாங்க. மீத்தேன் பாக்காமப் போன அதே புத்தி, கீழ இருக்குறவனுக்குச் சொல்ல வேண்டியதில்லங்கற புத்தி.

ரீமேக் எப்படி?

2009 ஜனவரி 16 ரிலீஸ், டைரக்டர் பேட்ரிக் லூசியர், ஜென்சன் ஆக்கிள்ஸ், ஜேமி கிங், கெர் ஸ்மித் நடிச்சது. 3டில பிக்காசு மூஞ்சிக்கு நேரா வரும், தியேட்டர்ல நல்ல கத்தல் இருந்திருக்கும். உலக வசூல் 10 கோடி டாலர் பக்கம், ஒரிஜினல் அமெரிக்காவுல 60 லட்சம் டாலர் கூடத் தொடல. கொலைகாரன் யாருங்கறதையும் மாத்திட்டாங்க, அதனால ஒண்ணு பாத்தா இன்னொண்ணு கெட்டுப் போகாது. ஆனா அதுல சுரங்கம் ஒரு பின்னணி மட்டுந்தான், வேலை பாக்குற மனுஷங்க காணோம். லயன்ஸ்கேட் தயாரிச்சது அது, பழைய படத்த எடுத்த சினிபிக்ஸ 1990கள் கடைசில வாங்குனதும் அதே லயன்ஸ்கேட்தான்.

ரெண்டாம் பாகம் ஏன் வரல?

முடிவு தொறந்துதான் விட்டிருந்தாங்க, வசூல்தான் கை கொடுக்கல. வெட்டித் தள்ளுன பிரிண்ட பாத்துட்டு அப்போ விமர்சகர்களும் தூக்கிப் போட்டாங்க. பின்னாடி வீடியோ கேசட்லதான் ஆளுங்க கண்டுபுடிச்சாங்க, டைரக்டர் க்வென்டின் டாரன்டினோ தனக்குப் புடிச்ச ஸ்லாஷர் இதுதான்னு சொன்னதுக்கப்புறம் தேடிப் பாத்தவங்க நிறைய.

படத்துல குறையே இல்லியா?

இருக்கு. நடுவுல பசங்க கலாட்டா கொஞ்சம் நீளம். பொண்ணுங்களுக்கு சாராவத் தவிர எழுத்து கம்மி, பாட்டி (Patty)ங்கற இளம் பொண்ணா வர சிந்தியா டேல் நல்ல நடிகை, பின்னாடி கனடா டிவிலயும் மேடைலயும் பெரிய பேர் வாங்குனவங்க, இங்க அவங்களுக்குக் கத்துறதுதான் வேலை. கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சு ரெண்டாவது தடவ பாத்தா, இந்த நேரத்துல இவன் எப்படி அங்க போனான்னு ஒண்ணு ரெண்டு எடத்துல இடிக்கும்.

கடைசில வர பாட்டு என்னது?

ஹாரி வார்டன் பத்தின நாட்டுப்புறப் பாட்டு மாதிரி ஒண்ணு, பால் ஸாஸா இசை, ஜான் மெக்டெர்மாட் பாடினது. கேப் ப்ரெட்டன் பக்கம் சுரங்கச் சாவுகளுக்குப் பாட்டு கட்டிப் பாடுறது பழைய வழக்கம், அந்த மெட்டுலயே இதையும் போட்டிருக்காங்க. டைட்டில் ஓட ஆரம்பிச்சதும் எந்திரிச்சுப் போயிடாதீங்க, உக்காந்து கேளுங்க.

குடும்பத்தோட பாக்கலாமா?

வேணாம். வயசு வந்தவங்களுக்கான படம். இருட்டு, மூடுன எடம், மூச்சு முட்டுறது இதெல்லாம் ஒத்துக்காதவங்களும் தள்ளியே இருங்க, கடைசி அரை மணி நேரம் முழுக்க பூமிக்குள்ளதான் நடக்குது. மத்தவங்க ஒரிஜினல முதல்ல பாத்துட்டு, புடிச்சிருந்தா ஒரு வாரம் கழிச்சு ரீமேக்குக்குப் போங்க. ஒரே ராத்திரில ரெண்டையும் பாத்தா பழைய படத்தோட நிதானம் மனசுல நிக்காமப் போயிடும்.